பானெட்டின் உள்ளே எழுதிய பெயர்

வியாழக்கிழமை காலை நான் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்யும் தாமஸ் சைக்கிளை விட்டு இறங்காமலே, காலை மட்டும் தரையில் ஊன்றிக்கொண்டு சொன்னார்: "முனிரத்தினம் அண்ணன் போயிட்டாரும்மா. மாரடைப்பு. நாலு மணிக்கு எடுக்கறாங்க." நல்ல மெக்கானிக், பாவம், என்று அவரிடம் சொன்னேன். சொல்ல வேண்டியது அது அல்ல.

ஸ்ரீராம்புரத்து முனிரத்தினம் அவர்களை அறியாதவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்கிறேன். சுதந்திரம் வந்த மறு வருடம், சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் என் மாமனார் வாங்கிய கார் எங்களுடையது. ஒரு மார்ச் மாதம் அதை முதன்முதலாக ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோன அன்று, முனிரத்தினம் எஞ்சினில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "வண்டி இங்கிலீஷ்ல இருமுது சார். நான் தமிழ்ல மருந்து குடுக்கறேன், கேக்குதான்னு பார்ப்போம்" என்றார். என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். கார் கேட்டது.

அந்த ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மேஸ்திரி வேலை செய்தாரோ அவர் தம் பெயரைச் சாக்கட்டியால் பானெட்டின், அதாவது எஞ்சின் மூடியின், உள்பக்கம் எழுதிவிடுவார். அடுத்த முறை வண்டி திறக்கப்படும்வரை அதன் நல்லது கெட்டது அந்தப் பெயருக்கு உரியது. அந்த மார்ச் மாதம் எங்கள் காரில் அவர் எழுதியது 'முனி' என்ற இரண்டே எழுத்து.

டிசம்பரில் ஊட்டிக்குப் போவதாக இருந்தோம். என் கணவருக்கு மூச்சிழுப்பு உண்டு; குளிர் ஆகாது. காரில் ஹீட்டர் இருக்கும் தைரியத்தில்தான் கிளம்பினோம். போட்டுப் பார்த்தால் குளிர்காற்றே வந்தது. நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போய், எல்லோர் முன்னிலையிலும் முதலாளியிடம் நான் குரலை உயர்த்தினேன். "மார்ச்சில் உங்கள் ஆள் கை வைத்த வண்டி இது. நன்றாக இருந்த ஹீட்டரைக் கெடுத்து வைத்திருக்கிறார்."

இன்னொரு மேஸ்திரி கேலி செய்தார்: "பெங்களூர்ல ஹீட்டர் எதுக்கு சார்? வண்டிக்குள்ள ஒரு கரி அடுப்ப வச்சிக்கிங்க."

"நீ போய் டீ குடி. உன் வாய்ல வர்ற காத்தே சூடாத்தான் இருக்கு" என்றார் முனிரத்தினம். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, சூடேறும்வரை பொறுமையாக நின்றார். ஹீட்டருக்குப் போகும் ரப்பர்க் குழாயையும் திரும்பி வரும் குழாயையும் தொட்டுப் பார்த்தார். "சுடுதண்ணி உள்ளயே போகல. அடைப்பு இல்ல. எங்கயோ மூடியிருக்கு." எஞ்சினின் பின்பக்கம் கையை விட்டார். அங்கே ஒரு சிறிய பித்தளைத் திருகு. அதைத் திறந்ததும் கணவரின் காலடியில் வெதுவெதுப்பான காற்று வந்தது.

வெளியே வந்த அவர் கையில் எண்ணெய்க் கறையேறிய துணி ஒன்று தெரிந்தது. ஓரத்தில் நீல நூலில் நான் தைத்த பூ. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. ஏப்ரலில் சேலத்துக்குப் போனோம். கிருஷ்ணகிரி தாண்டியதும் காலில் அனல் அடித்தது. கணவர் இளநீர் வாங்கப் போன நேரத்தில், கைக்குட்டையால் பிடித்து அந்தத் திருகை மூடியவள் நான்தான். கைக்குட்டை உள்ளே நழுவி விழுந்துவிட்டது.

முதலாளி கேட்டார்: "யாரப்பா மூடினது?" எல்லோரும் பானெட்டில் இருந்த பெயரைப் பார்த்தார்கள்.

முனிரத்தினம் துணியை ஒரே பிடியில் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "வெயில் காலத்துல யாராவது மூடியிருப்பாங்கம்மா. ஞாபகம் இருக்குதா?"

"அப்படி ஒரு திருகு இருப்பதே எங்களுக்குத் தெரியாது" என்றேன்.

அவர் பானெட்டை விட்டு ஒதுங்கி நின்றார். முதலாளி கந்தையை எடுத்து 'முனி'யை அழித்தார். தை மாதம் திறக்கவிருந்த இரண்டாவது ஒர்க்‌ஷாப்பை முனிரத்தினத்திடம் ஒப்படைப்பதாக இருந்தார். அது கரி அடுப்புக்காரருக்குப் போனது. அதன்பின் முனிரத்தினம் யாருக்கோ கீழேதான் வேலை செய்தார். எந்த பானெட்டிலும் அவர் பெயர் எழுதப்படவில்லை என்று தாமஸ் பிற்பாடு சொன்னார்.

வண்டியை அன்றிரவு ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டிருந்தோம்; மறுநாள் ஊட்டிக்குப் போகும் வழியில் டாஷ்போர்டு அறையைத் திறந்தேன். கைக்குட்டை துவைத்து நான்காக மடிக்கப்பட்டிருந்தது. கறை மட்டும் போகவில்லை.

அதன்பிறகு நான் அந்த ஒர்க்‌ஷாப் பக்கம் போகவில்லை. காரை வேறிடத்துக்கு அனுப்பினேன். இரண்டு வருடம் கழித்து பஸ் ஸ்டாப்பில் அவரே என்னைக் கண்டு அருகில் வந்தார். "வணக்கம்மா. ஹீட்டர் வேலை செய்யுதா? சாருக்கு இழுப்பு எப்படி இருக்கு?" நன்றாக இருப்பதாகச் சொன்னேன். அவருடைய பஸ் வர நெடுநேரம் ஆயிற்று. உண்மையைச் சொல்ல அவ்வளவு நேரமும் எனக்கு இருந்தது. நான் மழையைப் பற்றிப் பேசினேன்.

வியாழக்கிழமை நான்கு மணிக்குப் போனேன். அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கள் கார் ஹீட்டரைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறாரா?" என்று கேட்டேன்.

அவர் அழுத கண்களோடு விழித்தார். "எந்த ஹீட்டரும்மா?"

தம் வீட்டிலும் அவர் சொல்லவில்லை. ஆகவே உலகத்தில் இதை அறிந்தவள் நான் ஒருத்திதான். எங்கள் வட்டாரத்தில் வரும் இம்மலரை வாசிப்பவர்களில் அந்த முதலாளியும் உண்டு, முனிரத்தினத்துடன் வேலை செய்தவர்களும் உண்டு. அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

நேற்று பானெட்டைத் திறந்து பார்த்தேன். கந்தை துடைத்த இடம் மட்டும் இன்னும் மற்ற இடத்தைவிட வெளுப்பாக இருக்கிறது. போய் வாருங்கள், முனிரத்தினம். அந்தத் திருகை மூடியது நான்.