நான்கு மூலையிலும் ரோஜாப்பூ

என் அக்கா மகளுக்கு ரத்தத்தில் நோய். வயது ஒன்பது. பொருந்துகிற ஒருவருடைய ஸ்டெம் செல் கிடைத்தால் பிழைப்பாள் என்றார் டாக்டர். அக்கா, அவள் வீட்டுக்காரர், நான், சொந்தபந்தம் எல்லோரும் கொடுத்துப் பார்த்தோம். ஒருத்தருடையதும் பொருந்தவில்லை. தாய்மாமன் என்று பெயர்தான். காது குத்துக்கு மடியில் உட்கார்த்தினேன், சடங்குக்கு ஊரே மூக்கில் விரல் வைக்கிற மாதிரி சீர் கொண்டுவருவேன் என்று வாய்கிழியப் பேசினேன். என் ரத்தம் அவளுக்கு உதவாமல் போயிற்று.

இனி முன்பின் தெரியாத யாராவதுதான் வரவேண்டும். பொருத்தம் பார்க்கக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும், ஊசிகூடக் கிடையாது. "ஆளு கூடுற எடமாப் பாத்துப் போங்க சார்" என்று தொண்டு நிறுவனத்தில் ஒரு பெட்டி நிறையக் குச்சி கொடுத்தார்கள். ஆள் கூட்ட என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுகிற, என்னைவிட மூத்த கறுப்பு அம்பாசிடர். ஆலங்குடியிலிருந்து சென்னை வரை ஊர் ஊராக அதை நிறுத்தி, பார்க்க வருகிறவர்களிடம் குச்சியை நீட்டுவது என்று கிளம்பினேன். சவூதியில் டிரைவராக இருந்து லீவில் வந்திருந்த ஜெகதாப்பட்டினத்து நண்பன், "ஒன்னையத் தனியா விட்டா வழியெல்லாம் சண்டை இழுத்துக்கிட்டு நிப்ப. நானும் வாரேன் மச்சான்" என்று ஏறிக்கொண்டான்.

காரின் முகப்பில் அவள் படம் போட்ட பிளெக்ஸைக் கட்டினோம். 'எனக்கு உதவுங்கள்' என்று எழுதச் சொன்னதை எழுதித்தான் இருந்தார் கடைக்காரர். ஆனால் பழக்கதோஷத்தில் நான்கு மூலையிலும் ரோஜாப்பூவும், தலைக்குப் பின்னால் ஒளிவட்டமும் வைத்துவிட்டார். செத்தவர்களுக்கு ஒட்டுகிற அஞ்சலி போஸ்டரில்தான் அப்படி இருக்கும். கிளம்புகிற அவசரத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் அது உறைக்கவில்லை.

தஞ்சாவூரில் ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். கும்பகோணத்தில் டீக்கடையோரம் பூ விற்கிற அம்மா மல்லிகைச் சரத்தைக் கொண்டுவந்து படத்தில் சாத்தி, "பச்சப்புள்ளையாச்சே, எப்பங்க தவறுச்சு?" என்றார். எனக்கு வந்ததே கோபம்!

"ஏம்மா, வாயில நல்ல வார்த்தையே வராதா? உசுரோட இருக்கும்மா எம் புள்ள!"

பூவைப் பிய்த்து ரோட்டில் எறிந்தேன். அந்த அம்மா நடுங்கிப்போய்க் கூடையருகே உட்கார்ந்துவிட்டார். நண்பன் பிளேடு வாங்கி வந்து நான்கு மூலைகளையும் அறுத்துப் போட்டான். ஒளிவட்டத்தை என்ன செய்வது?

கூட்டத்துக்குக் குறைவில்லை. ஹாரனை அமுக்கிப் பார்த்தார்கள், பானெட்டில் சாய்ந்து செல்பி எடுத்தார்கள். "மைலேஜ் என்னங்க குடுக்குது?" "விக்கிற ஐடியா இருக்கா?" குச்சியை நீட்டினால் மட்டும், "வீட்ல ஒரு வார்த்த கேட்டுட்டு வாரேங்க." போனவன் போனவன்தான். அட நாசமாப் போறவனுகளா, காரைச் சுற்றிச் சுற்றி வந்தீர்களே, பிளெக்ஸில் இருந்தவளை எவன் பார்த்தான்? கொடுத்தவர்களும் இருந்தார்கள், இல்லையென்று சொல்லக் கூடாது. ஆனால் பெட்டியில் குச்சி குறைந்தபாடில்லை.

சாயங்காலமானால் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடியோ காலில் வருவாள்.

"மாமா, இன்னைக்கு நெறையப் பேரு குடுத்தாங்களா?"

"வரிசையில நிக்கிறாங்க தாயி."

"அப்ப நான் வீட்டுக்கு வந்ததும் முன் சீட்டு எனக்குத்தான்."

பண்ருட்டி தாண்டி ஒரு காலையில் அக்கா போன் செய்தாள். ராத்திரி ஏறிய காய்ச்சல் இறங்கவே இல்லையாம். "வந்துரு தம்பி. இனிமே யாருகிட்டயும் கேக்காத." அவள் அழக்கூட இல்லை.

"பஸ்ஸுல போயிரு மச்சான், வெரசாப் போகலாம்" என்றான் நண்பன். விரைவாகப் போய் நான் எதைப் பார்க்க? வந்த வழியே காரைத் திருப்பி அவனை ஓட்டச் சொல்லிவிட்டுப் பின்னால் பெட்டியோடு உட்கார்ந்தேன். முன் சீட்டில் உட்கார மனம் வரவில்லை. பிளெக்ஸை அவிழ்க்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

கும்பகோணத்தில் ரேடியேட்டர் கொதித்தது. தண்ணீர் ஊற்ற நிறுத்தியது அதே டீக்கடையில். பூக்கார அம்மா எங்களைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார். மறுபடியும் கத்துவேன் என்று பயம். நான் இறங்கிப் போய் அவர் எதிரில் நின்றேன்.

"ஒரு முழம் குடுங்கம்மா."

யாருக்கு என்று கேட்க வாயெடுத்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். முழம் போடவில்லை. கூடையை அப்படியே தூக்கிக்கொண்டு கார் முன்னால் வந்தார்.