சூசையம்மாள் வைத்த சேனை

பிள்ளை பிறந்தால் போதும், சூசையம்மாள் வாசலுக்கு ஆள் வந்துவிடும். "அக்கா, சேனை வைக்க வாங்க. ஒங்க பொறுமை எம்பிள்ளைக்கு வரட்டும்." முதல் சீனித்தண்ணியை நாவில் வைப்பவர் குணம் பிள்ளைக்கு ஒட்டுமாம். பொறுமையாம் பொறுமை! கொடைக்கானல் பள்ளி விடுதியில் நாள் முழுக்க இட்லிக்கொப்பரையோடு மல்லுக்கட்டுகிறவளுக்குக் கோபப்படத் தெம்பு வேண்டாமா?

1986 மழைக்காலம். சூசையம்மாளுக்குக் காய்ச்சல் விட்டும் உதட்டோரக் கொப்புளம் காயவில்லை. அண்ணன் மகள் அமலிக்குப் பெண் பிறந்திருந்தது. போகாமல் முடியுமா? அலுப்போடு போய்க் கிண்ணத்தில் விரலை விட்டாள். இனிப்புப் போதுமா என்று சமையல்காரிக் கை பழக்கத்தில் தன் நாக்குக்குப் போய் வந்தது. அதே விரலைத்தான் குழந்தைக்கும் வைத்தாள்.

பத்து நாளுக்குள் குழந்தை பால் குடிக்க மறுத்தது. மேலெல்லாம் கொப்புளம், அப்புறம் வலிப்பு. அமலியின் புருஷன் மனுவேல் தன் வாடகைக் காரிலேயே எல்லோரையும் மதுரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கினான்.

"வீட்ல யாருக்காச்சும் உதட்டுல கொப்புளம் இருந்துச்சா?" என்றார் டாக்டர். "அந்தக் கிருமின்னா, புதுசா வந்த மருந்தை மெட்ராஸ்லருந்து வரவழைக்கணும். தாமதிச்சா மூளைய அழிச்சிரும்."

"யாருக்கும் இல்லீங்க," என்றாள் அமலி.

சூசையம்மாளின் உதடு ஆறிவிட்டிருந்தது. வாயை மூடிக்கொண்டால் ஈ காக்காய்க்குத் தெரியாது. டாக்டர் முன்னால் போய் நின்றாள்.

"எனக்கு இருந்துச்சுங்க. நாக்குல வச்ச விரலத்தான் பிள்ளைக்கும் வச்சேன்."

அமலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மருந்து வந்தது. ஊசி மேல் ஊசி. குழந்தை கண்மணி பிழைத்தாள், இடது கை மட்டும் சோர்ந்தே நின்றுவிட்டது. அமலியின் பேச்சும் நின்றது, சேனைக்கு அழைப்பும் நின்றது. விட்டது தொல்லை என்று இருக்கலாமே? அதுதான் இல்லை. அடுப்படியில் நின்றபடியே அழுவாள்.

மூன்று வருஷம் கழித்து, கைக்குழந்தையும் கிண்ணமுமாக அமலி வந்து நின்றாள். பின்னால் கண்மணி.

"அத்தை, சேனை வைங்க."

"ஏண்டி, புத்தி கெட்டுப்போச்சா?"

"அன்னைக்கு நீங்க வாயத் தொறக்கலேன்னா இவ ஏது? அந்தக் கொணம் தம்பிக்கு வேணும்."

சூசையம்மாள் கண்மணியின் இடது கையைப் பிடித்துச் சோப்புப் போட்டுக் கழுவினாள். "தம்பிக்கு நீயே வையி" என்று அந்தக் கை விரலையே கிண்ணத்தில் தொடவிட்டாள். இனிப்பைக் கண்ட கண்மணி விரலைத் தன் வாய்க்குக் கொண்டுபோனாள்.

"ஏய், எடுடி கைய!"

அப்படி ஒரு சத்தத்தைச் சூசையம்மாள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. கண்மணி வீறிட்டாள். சூசையம்மாள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு எழுந்து, அந்தச் சின்ன விரலை மறுபடி கழுவினாள்.