வெறும் பலகைக்கு நின்ற பஸ்

எழுபதுகளின் தொடக்கம். தேர்தல் முடிந்தும் சுவர்களில் சின்னங்கள் அழியாமல் இருந்த சமயம். விழுப்புரத்தில் மாமாவின் எலக்ட்ரிக் கடைக்குப் பீங்கான் ஃப்யூஸ் கட்டை வாங்கிவர என்னை விருத்தாசலம் அனுப்பினார்கள். பாசஞ்சர் ரயில், ஐம்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் ஒன்றரை ரூபாய். கரித்தூள் கண்ணில் விழாதவரை ஜன்னலோரம் ராஜபோகம்தான்.

பஸ் ஸ்டாண்டில் மங்கலம்பேட்டை பஸ்ஸில் ஏறி, பீங்கான் சாமானும் பொம்மையும் செய்கிற ஷெட்டு வாசலில் நிறுத்தச் சொன்னேன். கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அங்க ஸ்டாப்பிங் இல்ல சார். நிறுத்தினா ஷெட்டுல வேல செய்யிற பொம்பளைங்க ஏறுவாங்க, சீட்டெல்லாம் வெள்ள மண்ணாவும்."

ஷெட்டைத் தாண்டி ஒரு மைலில் இறக்கிவிட்டார். நல்ல வெயில். எனக்குக் கோபம் வந்தால் வாய் சும்மா இருக்காது. அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே திரும்பி நடந்தேன்.

என் சரக்கு சூளையிலிருந்து மறுநாள்தான் வெளியே வரும் என்றார்கள். சரி, பேச்சுக்கு ஆள் வேண்டுமே! பொம்மைகளுக்குக் கண் வரைந்துகொண்டிருந்த ராணியக்காவுக்கும் அஞ்சலைக்கும் எதிரே உட்கார்ந்துவிட்டேன். உரிமை, ஒற்றுமை, ஊர்கூடி ஸ்டாப்பிங் கேட்பது என்று நீளமாகப் பேசினேன்.

ராணியக்காவின் தூரிகை நிற்கவே இல்லை. "ஓட்டு கேட்டு ரெண்டு பேரு வந்தாங்க தம்பி. ஸ்டாப்பிங் கேட்டோம். ரெண்டு பேரும் ஆவட்டும்னாங்க. நான் ஓட்டுப் போடவே போவல. யாரு வந்தா என்ன? நமக்கெதுக்கு வம்பு?"

அப்போதுதான் அஞ்சலை வாய் திறந்தாள். அவளுக்கு மங்கலம்பேட்டை வீட்டில் கைக்குழந்தை. பஸ் நிற்காததால் வேலை முடிந்து பஸ் ஸ்டாண்டு வரை நடந்து, அடுத்த பஸ் பிடித்து வீடு சேர்வதற்குள் இருட்டிவிடும்.

"பால் கட்டிக்கினு வலிக்குதுக்கா. நான் வூட்டுக்குப் போறதுக்குள்ள புள்ள அழுது அழுது தூங்கிப்போவுது. நாளையிலேருந்து நான் வேலைக்கு வரல."

அவள் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடியது.

ராணியக்கா தூரிகையைக் கீழே வைத்தார். "வரலியா? என் பக்கத்துல வேற எவ உட்காருவா?" என்றவர், உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "அடியே, பலகைங்கள இப்ப எடுக்காதீங்க. சாயங்காலம் பஸ்ஸு வர்றப்ப எடுக்கலாம்!"

பலகை விவகாரம் உங்களுக்குப் புரிய வேண்டும். அச்சில் வார்த்த பச்சைப் பொம்மைகளைப் பலகையில் அடுக்கி, தலையில் வைத்து, ரோட்டைத் தாண்டி எதிரிலுள்ள சூளைக்குக் கொண்டுபோவார்கள். சுடாத மண், லேசாக இடித்தாலே உதிர்ந்துவிடும். அதனால் பலகை போனால் மாட்டுவண்டி முதல் லாரி வரை நின்று வழிவிடுவது அங்கே வழக்கம். வழக்கமாகப் பகலில், ரோடு காலியாக இருக்கும்போதே இதை முடித்துவிடுவார்கள்.

சாயங்காலம் பஸ் தெரிந்ததும் பெண்கள் வரிசையாகக் கிளம்பினார்கள். அடடா, அந்த நடை! மணமேடைக்கு வரும் கல்யாணப் பெண்கூட அவ்வளவு மெதுவாக நடக்கமாட்டாள். டிரைவர் பிரேக் போட்டார். அஞ்சலை ஏறினாள். வேடிக்கை பார்க்கிற ஆசையில், நான் போகவேண்டிய விருத்தாசலத்துக்கு எதிர்த்திசை என்பதையும் மறந்து நானும் ஏறிவிட்டேன்.

"யாரக் கேட்டு ஏர்ற?" என்று கண்டக்டர் கத்தினார்.

அவள் ஒரு பழைய துணியை சீட்டில் விரித்து, அதன்மேல் உட்கார்ந்தாள். "சீட்டு வெள்ள ஆவாது. மங்கலம்பேட்டை ஒண்ணு குடுங்க."

டிக்கெட் கிழிபட்டது. நான் மங்கலம்பேட்டையில் பிரியாணி சாப்பிட்டுத் திரும்பினேன். பிரியாணி பிரமாதம்.

மறுநாள் ஃப்யூஸ் கட்டை தயார். ஆனால் பலகையில் வைக்க ஒரு பச்சைப் பொம்மைகூட இல்லை, எல்லாம் சூளைக்குள் வெந்துகொண்டிருந்தன. சாயங்காலம் தூரத்தில் பஸ் வந்தது. அஞ்சலையின் முகம் வாடிவிட்டது. ராணியக்கா சளைக்கவில்லை. வெறும் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டில் இறங்கி நடந்தார்.

"பலகை காலியா இருக்குதுய்யா, நீ போ" என்றார் கண்டக்டர் டிரைவரிடம்.

டிரைவர் சிரித்துக்கொண்டே பிரேக்கை மிதித்தார். "காலின்னா என்ன? பலகை போவுதுல்ல? அந்தப் பொண்ண ஏறச் சொல்லு."

ஊருக்காக எழுந்திருங்கள் என்று நான் அவ்வளவு பேசியும் ராணியக்கா அசையவில்லை. பக்கத்து இடம் காலியாகப் போகிறது என்றதும் எழுந்துவிட்டார். மேடையில் பேசுகிறவர்கள் இதைக் கவனித்தால் நல்லது.

நீங்கள் போனால், பொம்மையைச் சுண்டிப் பார்த்து வாங்குங்கள். கணீரென்றால் விரிசல் இல்லை. வைக்கோல் சுற்றிக் கட்டித்தரச் சொல்லுங்கள். பலகை எதிரே வந்தால் ஹார்ன் அடிக்காதீர்கள்.

அடுத்த வருஷம் நான் போனபோது அதே கண்டக்டர், "பலகை ஸ்டாப்பிங்லாம் எறங்கு!" என்று கூவினார். வாசலில் அஞ்சலையும் ராணியக்காவும் தலையில் ஒன்றும் இல்லாமல் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் ராணியக்கா கையை நீட்டி இருட்டப்போகிற ரோட்டைக் காட்டினார். "அடுத்தது இங்க ஒரு லைட்டு தம்பி. ஓட்டு கேட்டு வரட்டும், இந்தத் தபா நான் பேசிக்கிறேன்."