உட்காரச் சொல்லாத நேர்காணல்

கஜிதானியை நான் முதன்முதலில் பார்த்தபோது, பக்கத்தில் நாற்காலி இருந்தும் மனுஷன் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்.

ஒசாகாவில் எங்கள் குடைக் கம்பெனி விற்பனைக்கு ஆள் எடுத்த நாள் அது. நான் அங்கே தேநீர் கொடுக்கிற பெண். தன் ஊரில் வேலை பார்த்த மீன் ஆலையை மூடிவிட்டதால் கஜிதானி தாயைத் தனியே விட்டு வேலை தேடி வந்திருந்தார். முன்பு வேறொரு கம்பெனி நேர்காணலில், சொல்வதற்கு முன்பே உட்கார்ந்து மரியாதை தெரியாதவர் என்று பெயர் வாங்கியிருந்தாராம். இந்தத் தடவை சொன்னால்தான் உட்காருவது என்று முடிவோடு வந்திருந்தார். மேலாளர் உட்காரச் சொல்லியிருப்பார் என்று முதலாளி நிஷிவாக்கி இருந்துவிட்டார். மேலாளரோ, வந்தவருக்கு மூல வியாதியாக இருக்கும், கேட்டால் சங்கடப்படுவார் என்று இருந்துவிட்டார்.

தேநீரோடு உள்ளே போனேன். கஜிதானி காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தார். அந்த அறையில் நான் வாய் திறக்கக் கூடாது. பொறுக்க முடியவில்லை.

"உட்காருங்க சார், டீ ஆறுது."

பொத்தென்று உட்கார்ந்தார்.

"அடடா! நாங்க சொல்லவே இல்லையா?" என்று முதலாளி பதறி எழுந்து குனிந்து வணங்கினார். மேலாளரும் குனிந்தார். இப்போதுதான் உட்கார்ந்தவர் மறுபடி எழுந்து குனிந்தார். இன்று கஜிதானி உயிரோடு இல்லை. அதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கண்ணும் நிறைகிறது.

அன்று அவர் அறையை விட்டுப் போனதும் முதலாளி உதட்டைப் பிதுக்கினார். "நல்ல மனுஷன்தான். நாற்காலியே கேக்காதவர் குடையை எப்படி விப்பாரு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நிக்க வெச்சது நீங்க. பழி மட்டும் அவர் மேலயா, முதலாளி?"

மேலாளரின் முகம் வெளுத்தது. முதலாளி தலையைச் சொறிந்தார்.

"உன் வாயில பாதி அவருக்கு இருந்திருக்கலாம். சரி, ஓடு. நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லு."

பின்னாளில் எங்கள் கம்பெனியில் அதிகம் விற்றவர் அவர்தான். அவ்வளவு பணிவான ஆளிடம் வேண்டாம் என்று சொல்லக் கடைக்காரர்களுக்கு மனசு வராது.

அன்று, உள்ளே மட்டும் போடுகிற ஆபீஸ் செருப்போடு ஓடி அவரை ரயில் நிலையத்தில் பிடித்தேன். சேதியைச் சொன்னதும் என்னையும் குனிந்து வணங்கினார். பொதுத் தொலைபேசியில் ஊர் மளிகைக் கடைக்குப் பேசி, தாயைக் கூப்பிடச் சொன்னார். தாய் வந்ததும், "அம்மா..." என்று மட்டும் சொன்னார். ரிசீவரை என் கையில் திணித்துவிட்டார்.

"அம்மா, உங்க பையனுக்கு வேலை கிடைச்சிடுச்சு," என்றேன்.

அந்தப் பக்கம் வெகுநேரம் அழுகை. பிறகு, "நீ யாரும்மா?"

என்ன சொல்வதென்று தெரியாமல் அவரைப் பார்த்தேன். அடுத்த வருஷம் அவருடைய மனைவியாக அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனபோதுதான் பதில் சொன்னேன்.