நாற்பத்தோராம் பக்கம்

கைப்பேசியில் மெகருன்னிசாவின் பெயரைப் பார்த்ததும் வழக்கம்போல், "எந்தப் பக்கம் மெகர்?" என்றேன். பேசியது அவள் மகள். "பெரியம்மா, அம்மா மௌத்தாயிட்டாங்க."

கல்லூரியில் அவளோடு வேலை பார்த்த உங்களுக்கு அவளுடைய வேதியியல் செய்முறைப் புத்தகத்தைத் தெரியும். குஜிலியம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகள் மங்கிப்போன ஜெராக்ஸோடு ஆய்வகத்தில் நிற்பதைப் பொறுக்காமல், இன்னும் இரண்டு ஆசிரியர்களைச் சேர்த்துக்கொண்டு தமிழில் எழுதினாள். யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், நகலெடுக்கலாம். பக்கம் பக்கமாக என்னை அழைத்துக் கேட்பாள்; தமிழைத் திருத்தும் வேலை எனக்கு. கணவர் போனபின் எனக்கு இருந்த ஒரே பெருமை அது. கான்வென்ட் சிஸ்டர்களிடம் வளர்ந்தவள் நான். கோணலான வாக்கியம் எனக்கு ஆகாது.

கடைசிப் பக்கத்தில் தன் எண்ணையே அச்சிட்டாள். ஏன் என்று கேட்டேன். "புத்தகம் யார் கையில இருக்குன்னு நமக்குத் தெரியாதுக்கா. தப்பப் பார்த்தவங்களுக்காவது நாம எங்க இருக்கோம்னு தெரியணும்ல?"

ஒரு நாள் நான் பக்கத்தில் இருக்கும்போதே வத்தலக்குண்டிலிருந்து ஒரு மாணவி அழைத்தாள். "மேடம், நாப்பத்தொண்ணாம் பக்கத்துல ஆசிட்டுல தண்ணிய ஊத்தச் சொல்லியிருக்கு. கிளாஸ்ல மாத்தில்ல சொன்னீங்க?"

தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். மாற்றி ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். மெகர் சரியாகத்தான் எழுதியிருந்தாள். 'அமிலத்தில்' என்று தொடங்கினால் வாக்கியம் அழகாக வரும் என்று மாற்றியவள் நான். அவளைக் கேட்கவில்லை. என்னை நம்பி அவளும் மறுபடி பார்க்கவில்லை.

"அழகாத்தான் இருக்குக்கா. ஆனா பிள்ளைக கண்ணு போயிரும்" என்றாள். அன்றே திருத்தினாள், கல்லூரி கல்லூரியாக அழைத்துச் சொன்னாள். அதற்குள் எடுத்த நகல்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று அவளுக்கும் தெரியாது.

மெகர் இறந்த மூன்றாம் நாள், பாத்திஹா ஓதும் சடங்குக்குப் போனபோது மகள் கேட்டாள்: "இந்த நம்பர நிறுத்திரவா பெரியம்மா?" கைப்பேசியை நான் வாங்கி வந்துவிட்டேன். அன்றிலிருந்து அது மணியடித்தால் நான்தான் எடுக்கிறேன்.

நேற்று நத்தத்திலிருந்து ஒரு பெண். "மெகருன்னிசா மேடமா?"

"அவங்க இல்லம்மா. எந்தப் பக்கம்?"

"நாப்பத்தொண்ணு."

"ஊத்திட்டியா?"

"இல்ல மேடம். ஆசிட்டு கையிலதான் இருக்கு. எனக்கென்னமோ சரியாப் படல, கேட்டுக்கிருவோம்னு..."

"கீழ வை தாயி. மொதல்ல கீழ வை."

மெகரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த எண். நான் உள்ளவரை அதை எடுப்பேன்.