மனப்பூட்டுக்கு ஒரு வீட்டு விதி

குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் அந்தப் பட்டறையில் அவனை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வருகிறவர்கள் டீ போடுகிறவனா, டான்ஸ் சொல்லிக்கொடுக்கிறவனா என்று குழம்புவார்கள். இரண்டும் இல்லை. வாரம் முழுக்க கம்ப்ரஸர் மாற்றி, காப்பர் குழாய் பற்றவைத்து, கேஸ் நிரப்புகிறவன், ஞாயிற்றுக்கிழமை மதியம் பட்டறைக்கு மேல் இருந்த அறையில் ஒரு விளையாட்டை நடத்தினான். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடுவது. ஆடுகிறவர்கள் நுழையும் கோட்டையையும் காட்டையும் எதிரிகளையும் மாஸ்டர் சொல்வான். அவர்கள் நினைத்தது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். விதிகள் புத்தகத்தில் இருந்தன. சரிப்படாததை மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாற்றியதற்கு வீட்டு விதி என்று பெயர்.

ஆடியவர்கள் மூன்றே பேர். அவனுடைய அக்கா, அக்காவின் கணவர், பக்கத்துத் தெரு நர்ஸ். பட்டறை முதலாளியே அத்தான்தான். அந்த அறையும் மேஜையும் மேலே சுற்றிய மின்விசிறியும் அவருடையவை.

அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். வீட்டில் கணவரை "ஏங்க, நீங்க" என்பாள். மேஜையில் அவள் திருடி, அவர் மந்திரவாதி. திருடி மரியாதை பார்ப்பாளா? "டேய் தாடிக்காரா, தள்ளி நில்லு" என்று ஒருநாள் அவள் சொன்னபோது அத்தானே விழுந்து விழுந்து சிரித்தார். போர்வீரனாக ஆடிய நர்ஸ், சிரித்ததில் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டாள்.

இரண்டு வருஷம் பொறுமையாக ஆடி, அத்தானின் மந்திரவாதி பெரிய மந்திரம் ஒன்றைச் சம்பாதித்தான். மனப்பூட்டு. யார்மேல் போட்டாலும் பொழுது சாயும்வரை அவர் மந்திரவாதி சொன்னதைத்தான் செய்ய வேண்டும். போடும்போது ஒரே ஒருமுறை பகடை உருட்டித் தப்பிக்கப் பார்க்கலாம். தவறினால் அவ்வளவுதான்.

முதல் ஞாயிறு அத்தான் அதை ஒரு டிராகன்மேல் போட்டார். "சிறகை மடக்கிக்கிட்டு மலை உச்சியிலிருந்து குதி" என்றார். அது குதித்தது. ஒரு மாதமாக மாஸ்டர் யோசித்து உருவாக்கிய எதிரி, நர்ஸ் தன் வாளை உருவுவதற்குள் செத்துப்போனது.

"நாங்க எதுக்குங்க வந்தோம்? கை தட்டவா?" என்றாள் நர்ஸ்.

அடுத்த வாரம் மாஸ்டர் ஒரு விதி போட்டான்: ஒருநாள் ஆட்டத்தில் ஒருமுறைதான் மனப்பூட்டு. அத்தான் தலையாட்டினார். அந்த ஒருமுறையை அக்காமேல் போட்டார். திருடி ஒரு கிணற்றுக்குள் இறங்கிப் பார்க்க ஆசைப்பட்டாள். மந்திரவாதி வேண்டாம் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அதற்கடுத்த வாரமும் அவள்மேல்தான் போட்டார். அதற்கும் அடுத்த வாரம், அவர் வாயைத் திறக்கும் முன்பே அக்கா கையிலிருந்த பகடையைக் கீழே வைத்துவிட்டாள்.

"சரிங்க. நீங்க சொன்னா சரிதான்."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. அது திருடியின் குரல் இல்லை. சமையலறையிலிருந்து அவன் எத்தனையோ முறை கேட்ட குரல்.

அந்த வாரம் முழுக்க அவனுக்கு வேலை ஓடவில்லை. மந்திரத்தையே தூக்கிவிடலாம் என்றால், உழைத்துச் சம்பாதித்ததைப் பிடுங்கினான் என்று ஆகும். விட்டுவிடவும் மனம் வரவில்லை. கடைசியில் புது விதி ஒன்றை எழுதினான். பூட்டப்பட்டவர் ஒவ்வொரு உத்தரவுக்கும் புதிதாகப் பகடை உருட்டலாம். பகடை கைவிட்டால் உத்தரவுக்குக் கீழ்ப்படிய வேண்டும். ஆனால் மந்திரவாதியிடம் ஒரு கேள்வி கேட்கலாம். அவன் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். உண்மையா என்று மாஸ்டர் தீர்மானிப்பான்.

மூவருக்கும் அதைச் செல்போனில் அனுப்பினான். அக்கா உடனே கூப்பிட்டாள்.

"எனக்காகப் பண்ணினியா?"

"ஆட்டத்துக்காக."

"பொய் சொல்லாதடா. என் வீட்டு விஷயத்துக்கு நீ யாரு விதி போட?"

"எடுத்துடவாக்கா?"

"இருக்கட்டும். ஆனா இனிமே என்னைக் கேக்காம எதுவும் பண்ணாதே" என்று வைத்துவிட்டாள்.

அத்தானிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. பட்டறையில் ஸ்பேனரைக் கேட்டார், கொடுத்தான். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. இடிந்த நகரம் ஒன்றின் வாசலில் மூவரும் நின்றார்கள். சுவரில் ஒரு விரிசல். திருடி மட்டும் நுழையும் அகலம்.

"நான் தனியா உள்ளே போறேன்" என்றாள் அக்கா.

"வேண்டாம்" என்றார் அத்தான். "எல்லாரும் வாசல் வழியாப் போவோம்."

"நான் போறேன்னு சொல்லிட்டேன்."

"மனப்பூட்டு."

அக்கா பகடையை உருட்டினாள். அது மேஜை விளிம்புவரை ஓடி நின்றது. மூன்று. போதாது.

"என் பக்கத்துலயே நில்லு" என்றார் அத்தான்.

அவள் மறுபடி உருட்டினாள். ஏழு. அதுவும் போதாது.

"நிக்கறேன்" என்றாள். நிமிர்ந்து கணவரை நேராகப் பார்த்தாள். "இப்ப என் கேள்வி. நான் தனியாப் போனா உனக்கு என்ன போகுது?"

திருடியின் 'உனக்கு'தான் அது. ஆனால் குரல் விளையாடவில்லை.

"உள்ளே ஆபத்து இருக்கு. அதான்" என்று அத்தான் சிரிக்கப் பார்த்தார்.

மேஜையில் இருந்தவர்கள் எல்லாரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். 'ஆமாம், உண்மை' என்று சொல்லிவிட்டால் முடிந்தது. நாளைக்கு வழக்கம்போல வேலைக்குப் போகலாம்.

"அது பதில் இல்லை அத்தான்."

"என் மந்திரவாதி மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா? உனக்குத் தெரியுமோ?"

நர்ஸ் ஏதோ சொல்ல வந்தாள். அக்கா அவள் கையைத் தொட்டு நிறுத்தினாள். அத்தான் பகடையை எடுத்து உள்ளங்கையில் இறுக்கினார். அவர் முகம் சிவந்திருந்தது.

"போய்ப் பழகிட்டா நீ என்னைத் தேட மாட்டே. இங்க எனக்கு ஒண்ணும் ஓடாது. போதுமா?"

பகடையை வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

"எங்க லேபுக்குப் பக்கத்து ஊர்ல புதுசா ஒரு கிளை திறக்கறாங்க" என்றாள் அக்கா மெதுவாக. "என்னைப் பொறுப்பா வரச் சொன்னாங்க. இவர் வேண்டாம்னுட்டார். ஏன்னு கேட்டா ரயில் கூட்டம், வெயில்னு ஏதேதோ சொன்னார். இதைச் சொல்லவே இல்லை."

மாஸ்டர் கீழே போனான். கழற்றிப் போட்டிருந்த கம்ப்ரஸர் முன்னால் அத்தான் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"எனக்குன்னே போட்ட விதிதானே அது?"

"ஆமா அத்தான்."

"என் அறையில உக்காந்துக்கிட்டு."

"ஆமா."

"போ. அப்புறம் பேசலாம்."

அந்த அப்புறம் லேசில் வரவில்லை. மறுநாள் அத்தான் அவனை விட்டுவிட்டுப் பட்டறை வேனைத் தனியாக எடுத்துப் போனார். செய்ய வேண்டிய வேலையைச் சீட்டில் எழுதி ஆணியில் குத்திவைத்தார். மேல் அறை பூட்டிக் கிடந்தது. வேலை போய்விடும் என்றே மாஸ்டர் நினைத்தான். இரண்டு பட்டறைகளில் விசாரித்தும் வைத்தான்.

அக்கா புதுக் கிளைக்குப் போகத் தொடங்கினாள். முதல் வாரம் வீட்டில் பேச்சே இல்லை என்றாள். இரண்டாவது வாரம், மழை கொட்டிய ஒரு சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கியபோது, அத்தான் வேனோடு வெளியே நின்றிருந்தாராம். "ஏறு" என்றாராம். வேறு எதுவும் சொல்லவில்லையாம். எல்லா நாளும் அப்படி நிற்பதில்லை, சண்டையும் நின்றுவிடவில்லை.

ஆட்டம் நர்ஸ் வீட்டுக்கு மாறியது. மந்திரவாதி காய்ச்சலில் படுத்திருப்பதாக மாஸ்டர் கதையை ஓட்டினான். ஒருநாள் பட்டறையில், குழாயைப் பற்றவைத்துக்கொண்டிருந்தவன் பின்னால் வந்து நின்றார் அத்தான்.

"என் ஆளைக் கொன்னுட்டியா?"

"இல்லை அத்தான். காய்ச்சல்."

"எனக்கு அந்தப் பூட்டு வேண்டாம். எடுத்துக்கோ. அதுக்குப் பதிலா நெருப்பு மழை கொடு."

மாஸ்டர் சுடரை அணைத்தான். நெருப்பு மழை ஒரு ஊரையே எரித்துவிடும். அதை அப்படியே கொடுத்தால் நர்ஸ் சும்மா விடமாட்டாள்.

"கொடுக்கறேன். ஆனா போட்டா, பக்கத்துல இருக்கற நம்ம ஆளுங்களுக்கும் சுடும்."

"அதெப்படி? புத்தகத்துல அப்படி இல்லையே?"

"அக்காகிட்டயும் நர்ஸ்கிட்டயும் கேட்டுட்டுத்தான் விதி போடணும். ஞாயித்துக்கிழமை வந்து பேசுங்க."

அத்தான் முறைத்தார். பிறகு கேஸ் அழுத்தம் பார்க்கும் கேஜை எடுத்து அவனிடம் நீட்டி, "முதல்ல கேஸைப் பாரு" என்றார்.