மணி அடிச்சால் விலத்து

சொந்தப் பாட்டுப் பாடுற தொழிலிலை பாட்டுப் பாடுறது சின்ன வேலை. பெரிய வேலை என்னெண்டால், "உது எந்தப் படம்?" எண்டு கேக்கிற ஆக்களுக்கு மறுமொழி சொல்லுறது.

சனம் கதிரையை விட்டு எழும்பிப் போறதைக் கண்ணாலை பாத்துக்கொண்டு மிச்சச் சரணத்தைப் பாடின ஆராவது இதை வாசிச்சால், வாங்கோ, பக்கத்திலை இருங்கோ. உங்களுக்கு ஒண்டும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மற்றவைக்குத்தான் சொல்லுறன்.

நான் வதனி. உடுவில், புகையிலைத் தோட்டக்காரர் வீடு. மற்றவள் ஜெசிந்தா. குருநகர், கடல் தொழில் வீடு. ஷெல்லடி தாங்கேலாமல் அவையின்ரை குடும்பம் வெளிக்கிட்டு வந்து எங்கடை ஒழுங்கையிலை ஒரு வீட்டிலை இருந்தது. எங்கடை கிணத்திலை தண்ணி அள்ள வந்தவள் வாளியிலை தாளம் போட்டு ஏதோ முணுமுணுத்தாள். குசினிக்குள்ளை நிண்ட நான் அடுத்த வரியைப் பாடினன். அவ்வளவுதான் சங்கதி. அதுக்குப் பிறகு மெட்டும் கிற்றாரும் அவள், சொல்லு நான், குரல் ரெண்டு பேரும்.

எங்கடை முதல் பாட்டு இது:

மணி அடிச்சால் விலத்து, மச்சான்,
மதவடியிலை நிண்டு பாராதை;
பிறேக் இல்லாத சைக்கிள் இது,
பிறகு என்னைக் குற்றம் சொல்லாதை.

ஒழுங்கை மதவிலை குந்தியிருக்கிற பொடியளைத் தாண்டி ரியூசனுக்குச் சைக்கிளிலை போய்வந்த எந்தப் பெட்டைக்கும் இதுக்குப் பொழிப்புரை வேண்டாம். எங்களுக்கு இருந்த ஆசை ஒண்டே ஒண்டு. இந்தப் பாட்டை ஒரு மேடையிலை, முதல் வரியிலை இருந்து கடைசி வரி வரைக்கும் பாடி முடிக்க வேணும். அப்ப சண்டைக்காலம், சாமான் வரத் தடை: கரன்ற் இல்லை, பற்றறி இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. அதையெல்லாம் சமாளிக்கலாம். சனத்தைச் சமாளிக்கிறதுதான் கரைச்சல்.

மிச்ச ஆக்கள்

முதல் மேடை எங்கடை சனசமூக நிலையத்தின்ரை ஆண்டுவிழா. தலைவர் என்ரை சொந்த மாமா, அம்மாவின்ரை தமையன் பரமலிங்கம். மாமாவுக்குத் தலைவர் பதவியை விடப் பெரிய பதவி ஒண்டு இருந்தது. மேடைத் திரையின்ரை கயிறு அவரின்ரை கையிலைதான். வேறை ஒருத்தரையும் தொட விடார். நாடகம் இழுபட்டாலும் சரி, பேச்சாளர் அலட்டினாலும் சரி, கயித்தை ஒரு இழுவை, கதை முடிஞ்சுது.

அறிவிப்பாளர் "வதனி ஜெசிந்தா இசைக்குழுவினர்" எண்டு பெரிசாய்ச் சொல்லிப்போட்டார். ரெண்டு பெட்டையளும் ஒரு கிற்றாரும் மேடைக்கு வந்தம். சனம் எங்களுக்குப் பின்னாலை எட்டிப் பாத்துது. ட்றம் எங்கை, ஓகன் எங்கை எண்டு தேடுது. நாங்கள் ரெண்டாவது சரணம் துவங்க, மாமா நாடகக்காரர் வேசம் கட்டி முடிச்சிட்டினம் எண்டு திரையை இழுத்துப்போட்டார். திரைக்குப் பின்னாலை நான் கொதிச்சுக்கொண்டு நிக்க, அறிவிப்பாளர் வந்து ஆறுதல் சொன்னார்: "ஒண்டுக்கும் கவலைப்படாதையுங்கோ பிள்ளையள், அடுத்த வருசம் உங்கடை மிச்ச ஆக்களும் வந்தாப் பிறகு முழுசாய்ப் பாடலாம்."

எந்தப் படம்

சாவகச்சேரியிலை ஒரு கலியாண வீடு. ஜெசிந்தாவின்ரை சிநேகிதிக்குக் கலியாணம். பந்தலுக்குள்ளை ஒரு மூலையிலை எங்களுக்கு ரெண்டு கதிரை போட்டுத் தந்தினம். முதலாவது சரணம் முடியேல்லை, மாப்பிள்ளையின்ரை தேப்பன் சால்வையைச் சரிபண்ணிக்கொண்டு வந்தார். நல்ல மனுசன், குறை சொல்லக்கூடாது. "வடிவாய் இருக்கு. எந்தப் படம்?" எண்டார்.

"படம் இல்லை ஐயா, எங்கடை பாட்டு" எண்டன். "உங்கடையோ?" எண்டார். "ஓம், நாங்களே எழுதினது." மனுசன் கிட்ட வந்து குனிஞ்சார். பேந்து, எங்களிலை உள்ள அக்கறையிலை, தாழ்ந்த குரலிலை சொன்னார்: "அப்ப அது இன்னும் பாட்டாகேல்லை பிள்ளை. ஒரு படத்திலை வரட்டும், பிறகு பாடுங்கோ."

தங்கூசி

கிற்றார்க் கம்பி அறுந்தால் வேறை கம்பி இல்லை. கடையிலை கேட்டால் சிரிப்பினம். மருந்துக்கே வழியில்லை, உவளுக்குக் கிற்றார்க் கம்பியாம்! ஜெசிந்தாவின்ரை கிற்றாரிலை மூண்டு கம்பிதான் மிஞ்சி இருந்தது. அவள் தேப்பன் இன்னாசி ஐயாவின்ரை தூண்டில் பெட்டியைக் கிண்டி, தங்கூசி நூலிலை மொத்தம் மெல்லிசு பாத்து மூண்டு துண்டு வெட்டி எடுத்தாள். கட்டி முறுக்கினாள். மீன்பிடிக்கிற நைலோன் நூல் இப்பிடிப் பாடும் எண்டு ஆர் கண்டது? சத்தம் கொஞ்சம் மந்தம், ஆனால் வடிவு.

இன்னாசி ஐயா கண்டிட்டார். நேவி கடலுக்குப் போக விடாமல் கரையிலை கட்டிப்போட்ட மாதிரி இருந்த மனுசன், அந்தப் பெட்டியைத்தான் ஒவ்வொரு நாளும் திறந்து துடைச்சுப் பூட்டி வைக்கிறவர். இண்டைக்கு இருக்கு எங்களுக்கு எண்டு நான் ஒதுங்கி நிண்டன். அவர் கிற்றாரை வாங்கி, கட்டின முடிச்சுகளை அவிட்டு, தன்ரை கையாலை வேறை மாதிரி இறுக்கிக் கட்டித் திருப்பித் தந்தார். "உது பாரை மீனுக்கெண்டு வாங்கின தங்கூசி. சின்ன மீனோடை வீட்டை வந்திடாதையுங்கோ."

பங்கருக்குள்ளை

எங்கடை வளவிலை மாமரத்துக்குக் கீழை பங்கர் வெட்டி இருந்தது. ஒருநாள் பின்னேரம் பாடிப் பாத்துக்கொண்டு இருக்கேக்கை குண்டு போடுற பொம்மர் வந்திட்டுது. எல்லாரும் விழுந்தடிச்சு உள்ளை இறங்கினம். ஜெசிந்தா கிற்றாரை விடேல்லை. பக்கத்து வீட்டுப் பூமணியக்கா, பிள்ளை குட்டி, நாங்கள், கிற்றார் எல்லாம் ஒரு கிடங்குக்குள்ளை.

மேலை பொம்மர் சுத்துது. ஜெசிந்தா நிமிந்து மேலை பாத்து, கோவம் பொத்துக்கொண்டு வர, "மணி அடிச்சால் விலத்து, மச்சான்" எண்டு தொண்டை கிழியத் துவங்கினாள். எனக்கும் வந்திட்டுது வீறாப்பு, சேந்து பாடினன். சின்னனுகள் கைதட்டத் துவங்கிச்சுதுகள். பூமணியக்கா ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்தினா: "எடி கோதாரியளே, மெல்லப் பாடுங்கோடி, மேலை நிக்கிறவனுக்குக் கேக்கப்போகுது!"

தவம் அண்ணையின்ரை கை

மேடை தராட்டில் பரவாயில்லை, கசெற் அடிப்பம் எண்டு முடிவெடுத்தம். சந்தியிலை தவம் அண்ணையின்ரை ரெக்கோடிங் பார் இருந்தது. சினிமாப் பாட்டுகளைக் கசெற்றிலை பதிஞ்சு குடுக்கிற கடை. அவர் கரன்றுக்கு லைற் எஞ்சினைப் போட்டால் ஒழுங்கை முழுக்கப் பட படவெண்டு சத்தம். அதுக்குள்ளை பாட்டுப் பதிஞ்சால் எஞ்சின்தான் முதல் குரல். அதாலை சைக்கிளைத் தலைகீழாய் நிப்பாட்டி, பெடலைக் கையாலை சுத்தி, டைனமோவிலை ரேப்ரெக்கோடரை ஓட்டுவம் எண்டார். ஊர் முழுக்க அப்பிடித்தானே அப்ப ரேடியோ கேட்டது. அவரே குந்தி இருந்து சுத்தினார். நாங்கள் பாடினம். ஒரே மூச்சிலை, ஒரு பிழை இல்லாமல். ஜெசிந்தா என்னைக் கட்டிப்பிடிச்சாள்.

அடுத்த நாள் எஞ்சினிலை போட்டுக் கேட்டால், ஐயோ கடவுளே! துவக்கம் ஒழுங்கு. போகப் போகப் பாட்டு ஓடத் துவங்குது. கடைசிச் சரணத்திலை நாங்கள் ரெண்டு பேரும் வாலிலை மிதிபட்ட பூனைக்குட்டியள் மாதிரிக் கீச்சிடுறம். தவம் அண்ணையின்ரை கை களைக்கக் களைக்கப் பதியேக்கை ரேப் மெல்ல ஓடியிருக்கு. எஞ்சினிலை சரியான வேகத்திலை போட, மெல்லப் பதிஞ்சதெல்லாம் கெதியாய் வருது. திருப்பிப் பதிவம் எண்டு நான் குதிச்சன். தவம் அண்ணை நாடியைச் சொறிஞ்சார். ஏற்கெனவே கொப்பி அடிச்சு மினிபஸ் றைவர்மாருக்குக் குடுத்திட்டாராம். "கேட்ட ஆக்கள் எல்லாருக்கும் கடைசிச் சரணம்தான் பிடிச்சிருக்காம் பிள்ளை. நான் இன்னும் கொஞ்சம் களைச்சிருக்க வேணும்."

தேத்தண்ணி

கசெற் பரவிச்சுது. சாவகச்சேரி மினிபஸ்ஸிலை அந்தப் பாட்டுத்தான். மதவடியிலை நிக்கிற பொடியள் என்னைக் கண்டால் விலத்தி வழி விடுறாங்கள், பம்பல் பகிடிக்குத்தான், ஆனால் விலத்துறாங்கள். உடனை மாமா வீட்டை வந்திட்டார். கனடாவிலை ஒரு மாப்பிள்ளை, நல்ல இடம். ஆனால் அவைக்குப் பாட்டுக்காரப் பெட்டை வேண்டாமாம். "அதுவும் ஆரோடை சேந்து திரியிறாய் எண்டு ஊர் கேக்குது" எண்டார். ஜெசிந்தாவின்ரை சாதியைத்தான் குத்திக் காட்டினார். எனக்கு உச்சி கொதிச்சுது. எங்கடை கிணத்திலை தண்ணி அள்ளினவளைப் பற்றி எங்கடை முத்தத்திலை நிண்டு கதைக்கிறார்!

"மேடையோ மாப்பிள்ளையோ, யோசிச்சு நாளைக்குச் சொல்லு" எண்டார் மாமா. "நாளைக்கு ஏன் மாமா, இப்பவே சொல்லுறன். மேடை" எண்டன். மாமாவின்ரை முகம் கறுத்துப்போச்சுது. அம்மா என்னை அடிக்கப்போறா எண்டு நினைச்சன். அம்மா தமையனைப் பாத்து அமைதியாய்ச் சொன்னா: "தேத்தண்ணி ஆறுது அண்ணை, குடிச்சிட்டு வெளிக்கிடுங்கோ."

போலியள்

வல்வெட்டித்துறையிலை ஒரு கலியாண வீட்டுக்குக் கூப்பிட்டினம், அதுவும் இந்தப் பாட்டுக்கெண்டே. அங்கை லவுட்ஸ்பீக்கர், எஞ்சின் எல்லாம் இருந்தது. சந்தோசத்திலை புழுகம் தாங்கேலாமல் ரெண்டு பேரும் அங்கை வரைக்கும் சைக்கிள் உழக்கினம். பாடத் துவங்க, சனமும் சேந்து பாடிச்சுது. கடைசிச் சரணம் வர, நாங்கள் எங்கடை வேகத்திலை போறம், சனம் கசெற்றின்ரை வேகத்திலை போகுது. நாங்கள் பாதி வரேக்கை அவை முடிச்சுக் கைதட்டி, பலகாரத் தட்டை நீட்டத் துவங்கிட்டினம். மிச்சத்தை ஆருக்குப் பாடுறது?

ஜெசிந்தா வரேக்கை சொன்னாள், "நாங்களும் கெதியாய்ப் பாடுவமே?" எண்டு. "தவம் அண்ணையின்ரை கை களைச்சதுக்கு என்ரை பாட்டை மாத்தேலாது" எண்டு நான் நாண்டுகொண்டு நிண்டன். ஆனால் கலியாணப் பொம்பிளையின்ரை சித்தி, எங்களை வழியனுப்பேக்கை சொன்னது இப்பவும் காதுக்குள்ளை நிக்குது: "குறை நினைக்காதையுங்கோ பிள்ளையள், நீங்களும் பரவாயில்லை, ஆனால் கசெற்றிலை பாடினவை உங்களை விட நல்ல கெட்டிக்காரியள்."

கயிறு

அடுத்த ஆண்டுவிழா வந்தது. ஊர்ப் பொடியள் எல்லாம் எங்கடை பாட்டு வேணுமெண்டு நாண்டுகொண்டு நிண்டதாலை மாமாவாலை எங்களைத் தட்டேலாமல் போச்சுது. ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்: "ஒரு பக்திப் பாட்டு, ஒரு சினிமாப் பாட்டு. அந்தச் சைக்கிள் பாட்டு வந்துதோ, திரை விழும்." தலையை ஆட்டினம். மேடையிலை ஏறினாப் பிறகு ஜெசிந்தாவைப் பாத்தன். அவள் என்னைப் பாத்தாள். தங்கூசியை ஒருக்கால் தட்டினாள். மணி அடிச்சால் விலத்து.

சனம் ஓவெண்டு கத்திச்சுது. மேடைக்கரையிலை மாமா கயித்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார், கண் சிவந்திருக்கு. நான் அவரைப் பாத்தபடியே பாடினன். இழுக்கிறதெண்டால் இழுங்கோ, நான் திரைக்குப் பின்னாலை நிண்டும் பாடுவன் எண்டுதான் நெஞ்சுக்குள்ளை. ரெண்டாவது சரணம் தாண்டிச்சு. கயிறு அசையேல்லை. கடைசிச் சரணத்தை எங்கடை வேகத்திலை எடுத்தம். அப்பத்தான் மாமா ஒரு அடி முன்னுக்கு வந்தார். கயிறு இறுகிச்சு, திரை ஒருக்கால் ஆடிச்சுது. சரி, முடிஞ்சுது எண்டு நினைச்சன்.

மாமா சபை முழுக்கக் கேக்கக் கத்தினார்: "எடியே வதனி, உதை ஏன்ரி இப்பிடி இழுக்கிறாய்? கடைசிச் சரணம் கெதியாய் எல்லே வரவேணும்! ஒவ்வொரு நாளும் டைனமோ சுத்திக் கேக்கிற எனக்குத் தெரியாதோ?"

சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. அம்மா முன் வரிசையிலை சீலைத் தலைப்பாலை வாயைப் பொத்திக்கொண்டு இருந்தா. ஜெசிந்தா எனக்காகக் காத்திருக்கேல்லை, விரலை மேலை ஏத்திப் பிடிச்சு, ஓட்டமாய் அடிக்கத் துவங்கிட்டாள். எனக்குக் கண்ணீர் ஓடுது, சிரிப்பும் வருது, ரெண்டுக்கும் நடுவிலை கீச்சுக் குரலிலை கடைசி வரி வரைக்கும் பாடி முடிச்சன். முடிஞ்சு, கைதட்டு ஓய்ஞ்சாப் பிறகுதான் மாமா கயித்தை இழுத்தார்.

கனடா மாப்பிள்ளை வேறை இடத்திலை முடிச்சிட்டார், நல்லாய் இருக்கட்டும். சொந்தப் பாட்டுத்தான் பாடுவம் எண்டு ஊரோடை சண்டை பிடிச்சு வெண்ட எங்களை, அந்தப் பாட்டை நாங்கள் எழுதின வேகத்திலை பாட இண்டைக்கு வரைக்கும் ஒருத்தரும் விடேல்லை.